சம்மட்டிக்காரன் சப்தா

உச்சி வெயில் நேரம். அந்தியோக்கியாவில் காசுப் பட்டறைக்குப் போகும் ஆற்றோரத் தெரு... ஒரு நாய்கூட இல்லை. ராத்திரியில்தான் பேய் வருமென்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். இது நம் மீன்கடை மல்கியோனின் மாமன் சப்தாவுக்கு நடந்தது.

சப்தா சம்மட்டிக்காரன். கூட்டாளி பர்லாகா, காய்ச்சிய வெள்ளி வில்லையைக் குறட்டால் எடுத்துக் கீழச்சில் வைத்து, மேலச்சைப் பிடித்துக்கொண்டு "ம்" என்பான். சப்தா ஓங்கி ஒரு போடு. ரோமச் சக்கரவர்த்தியின் முகம் ஒரு பக்கம், கழுகு மறுபக்கம். காசு தயார்.

ஒரு நாள் சம்மட்டி தவறிப் பர்லாகாவின் மணிக்கட்டில் இறங்கியது. ஒன்பதாம் நாள் செத்தான். அடி விழுந்த அன்று குடித்திருந்தவன் சப்தா. பட்டறை அதிகாரி கேட்டபோது அந்தப் பாவி என்ன சொன்னான் தெரியுமா?

"அவன்தான் ஐயா, போதையில கைய நீட்டிட்டான்."

அவ்வளவுதான். பர்லாகாவின் பெண்டாட்டி மர்த்தானாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பட்டறையிலிருந்து வரவேண்டிய உதவிக் கோதுமை நின்றுபோனது. சப்தாவுக்கோ மனசு கிடந்து அறுத்தது.

அந்த உச்சிப்பொழுதில் எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்திருக்க, அவன் மட்டும் பட்டறைக்குள் போனான். உலை அவிந்து கிடந்தது. ஆனாலும்... தோல் தீய்ந்த வாடை. கீழச்சில் ஒரு வில்லை, சிவக்கச் சிவக்க. அதன்மேல் மேலச்சு... யாரும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றது.

"ம்."

காதோரம். எப்போதும் போலப் பொறுமையாக.

ஓடினான். மர்த்தானாவின் வாசலில்தான் நின்றான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி... அன்னிக்குக் குடிச்சிருந்தது அவன் இல்லம்மா. நான். நாந்தான்!"

அவள் நிமிரவில்லை. "தெரியும்ணே. அவரே வந்து சொன்னாரு."

"எ... எவரு?"

"உங்க மேல கோவமெல்லாம் இல்ல அவருக்கு. 'சப்தா பாவம், அவனா போய் அதிகாரிகிட்ட உண்மையச் சொல்ற வரைக்கும் நான் கூட நின்னு வேலை பாக்குறேன்'னு தெனமும் கெளம்பிப் போறாரு." மாவை உருட்டினாள். "அதிகாரிகிட்டச் சொல்லிட்டுத்தானே வர்றீங்க?"

சப்தா வெட்கிப்போய்த் தலை குனிந்துகொண்டான்.

"சொல்லலையா?" பெருமூச்சு விட்டு, இன்னொரு பாயை விரித்தாள். "சரி, உக்காருங்கண்ணே. அவரு சாப்பிட வர்ற நேரந்தான்."