ஓடுது, ஓடுது

ஓடுகிறேன். காலை பதினொன்று இருபது. சைரன் ஏறி இறங்குகிறது. தாழ்வாரத்தின் நான்கு ஸ்பீக்கர்களிலும் அதே ஊளை. பின்னால் யாரோ கத்துகிறார்கள். "ஓடு! ஓடு!" கையில் இன்னும் சாக்பீஸ். படி. மைதானம். வேப்பமரம். குப்புறப் படுக்கிறேன். காதைப் பொத்துகிறேன்.

பிறகுதான் நினைவு வந்தது. வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் அவர்களுடைய டீச்சர்.

எல்லையில் சண்டை நடந்த வாரம் அது. திருவண்ணாமலையில் எங்கள் பள்ளியில் கோடை விடுமுறை ஆங்கில வகுப்பு. எனக்கு ஆறாம் வகுப்பு. எல்லை எங்கேயோ வடக்கே இருக்கிறது. நானோ மூன்று நாளாகப் போனில் குண்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி பழைய வீடியோ, மீதி பொய் என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பக்கத்து அறையில் என் தோழி தேன்மொழி டீச்சர் ஏழாம் வகுப்புக்குப் படம் போட்டார். விமானத் தாக்குதல் வந்தால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரும் படம். புரொஜெக்டரின் ஸ்பீக்கர் செத்து ஒரு வருஷம் ஆகிறது. அதனால் காலை வழிபாட்டு மைக் செட்டில் ஒயரை மாட்டியிருந்தார். அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். படம் வந்ததும் சந்தோஷத்தில் கத்தினார். "ஓடுது! ஓடுது!" சைரன் ஊளையில் என் காதில் விழுந்தது "ஓடு" மட்டும்.

முந்தின நாளே சுற்றறிக்கை வந்தது. படத்தில் சைரன் சத்தம் கேட்கும், யாரும் பயப்பட வேண்டாம் என்று. கீழே என் கையெழுத்து இருக்கிறது. சுற்றறிக்கை வந்தால் நாங்கள் எங்கள் பெயரைத் தேடுவோம். கையெழுத்துப் போடுவோம். படிக்கிற வழக்கமில்லை.

தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். என் வகுப்பு வாசலில் பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். அடியில் ஒருத்தி அலறுகிறாள். தேன்மொழி பாய்ந்து வருகிறார். "படம்தான் பசங்களா! ஒண்ணும் இல்ல! தள்ளாதீங்க!" அடியில் கிடந்த கவிதாவை அவர்தான் தூக்கினார். இடது முழங்கை உடைந்து தொங்கியது. நான் அப்போதும் மரத்தடியில்தான் கிடந்தேன்.

மறுநாள் கவிதாவின் அம்மா வந்தார். அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு டீக்கடை போடுகிறவர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்டி ஓடணும்னு காட்டத்தான் நீங்க முன்னாடி ஓடுனீங்களாமே மிஸ். பாப்பா சொல்லுச்சு. இவளுக்குதான் உங்க பின்னாடி ஓடத் தெரியல, விழுந்துட்டா."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பரவால்லம்மா" என்று வந்தது. பக்கத்தில் நின்ற தேன்மொழி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். படம் போட்டதற்குப் பள்ளி நிர்வாகத்தில் தேன்மொழியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எனக்கு நன்றி சொன்னார்கள்.

விழுந்த குண்டு, ஒன்றும் இல்லை. அறுந்த செருப்பு, ஒன்பது. உடைந்த கை, ஒன்று. அது இன்றும் முழுதாக நீளாது. என்னோடு பேச்சை நிறுத்திய தோழி, ஒருவர். நான் விட்டுவிட்டு ஓடிய பிள்ளைகள், இருபத்தாறு. அவர்களில் எத்தனை பேரிடம் உண்மையைச் சொன்னேன்? ஒருவரிடமும் இல்லை.