மச்சினன் போட்ட டப்பா

— பெயின்ட் டப்பா விழுந்ததுக்குக் கேன்சரா? டாக்டரம்மா, கதை விடறதுக்கும் ஒரு அளவு இருக்கு.

— டப்பா கதை உங்களோடது, பெயின்டரே. என்கிட்ட இருக்கறது ஊசி போட்டு எடுத்த சாம்பிள். உங்க மண்டைக் கட்டிக்குள்ள தைராய்டு செல் இருக்கு. கழுத்துல இருக்க வேண்டியது.

— கழுத்துல இருக்கறது மண்டைக்கு எப்படி ஏறுச்சாம்? ஏணி வெச்சா?

— ரத்தத்தோட போயிருக்கு. கேன்சர் ஆரம்பிச்சது தைராய்டுல. இப்ப மண்டையோட்டை அரிச்சுக்கிட்டு வெளிய புடைச்சு நிக்குது. தொட்டா துடிக்குதுல்ல?

— துடிக்காம? எனக்கு மச்சினன்மேல அவ்வளவு ஆத்திரம்! சாரத்து மேல நின்னுக்கிட்டு நேரா என் தலையிலயே போட்டானே, அந்தப் புண்ணியவான்.

— அந்த வீக்கம் பத்து நாள்ல வத்தியிருக்கும். இது வேற. வருஷம் ஒண்ணாச்சு, ஏன் எந்த டாக்டர்கிட்டயும் காட்டலை?

— காட்டுனா கரைச்சு விட்டிருப்பீங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் தொப்பியைக் கழட்டுவேன். மச்சினனுக்கு முழி பிதுங்கும். முன்னல்லாம் பிரஷ்ஷைக்கூட கழுவ மாட்டான் துரை. இப்ப சுவர் தேய்க்கறது, வண்டி ஓட்டறது, எனக்குச் சோறு பொங்கறது, எல்லாம் அவன்தான்.

— ஆக, மச்சினனை வேலை வாங்கறதுக்காக கேன்சரைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கீங்க.

— நக்கலா?

— ஆமா, நக்கல்தான். வயித்தெரிச்சல் வேற. சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருக்கலாமே!

— ...பொழைப்பேனாம்மா?

— வைத்தியம் இருக்கு. முதல்ல ஆபரேஷன் பண்ணி தைராய்டை எடுக்கணும். அப்புறம் அயோடின் மருந்து. முழுசாப் போயிடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். மாசக்கணக்குல அலையணும், கூட ஒரு ஆள் வேணும். வெளிய நிக்கற மச்சினனைக் கூப்பிடுங்க. அவர் மேல தப்பில்லைன்னு நானே சொல்லிடறேன்.

— ஐயோ, வேணாம்!

— அந்த மனுஷன் ஒரு வருஷமா குத்தவாளி மாதிரி நிக்கறார்.

— நிக்கட்டும். நான் பேசுன பேச்சுக்கு, தப்பில்லைன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவான். கிளம்பலைன்னா அவன் ரோஷம் கெட்டவன். அவன் அக்காவும் போய்ச் சேர்ந்துட்டா. இனிமே எனக்குன்னு யாரும்மா இருக்கா?

— மச்சான், கதவு திறந்துதான் இருக்கு. டாக்டர், டப்பாவைப் போட்டது நான்தான், அது அப்படியே இருக்கட்டும். ஆபரேஷனுக்கு இவரை என்னைக்குக் கூட்டிட்டு வரணும், அதைச் சொல்லுங்க.