மூவாயிரத்து ஐந்நூறு சுற்றில்

உங்கள் ஆய்வுக்கூடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, சார். என் ஷெட்டில் இப்படி ஒரு வெளிச்சம் இருந்திருந்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுகூட வேலை பார்த்திருப்பேன்.

விபத்து வண்டிகளை ஆராய்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள். ஆனாலும் மூன்று நாளாக இந்த வண்டி உங்களைச் சுற்றலில் விட்டிருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது. நின்ற இடத்தில் எவ்வளவு முடுக்கினாலும் சமர்த்தாக ஓடுகிறது. இதே எஞ்சின்தான் போன ஞாயிறு, மேட்டுச் சாலையில் ஒரு லாரியை முந்தும்போது நடுவழியில் அணைந்தது. எதிரே வந்த பஸ், காரின் ஓட்டுநர் பக்கக் கதவில் மோதியது. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை.

காரணம் பிடிபடாமல் அறிக்கையில் 'சென்சார் பழுது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விற்ற உதிரிபாகக் கடைக்காரர் வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

சென்சார் தங்கமான சென்சார், சார். பொறுக்கி எடுத்தது நான். அதன்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

அடிப்படையிலிருந்து வருகிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்டதும் என் மனைவி, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள். உங்களால் போக முடியாது.

எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. பிஸ்டன் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்காக, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பக்கத்தில் சென்சார் உட்கார்ந்து, பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு துடிப்பை அனுப்புகிறது. ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே பல் இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்தப் பொக்கை வந்ததும் கம்ப்யூட்டர் புதிதாக எண்ணத் தொடங்கும். நடுவில் எண்ணிக்கை தவறினால், தப்பான நேரத்தில் பொறி விடுவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று நிறுத்திக்கொள்ளும். அடுத்த பொக்கையை நம்பும்வரை எஞ்சின் கிடையாது. ஒரு விநாடி, ஒன்றரை விநாடி.

இதை முதன்முதலில் மாப்பிள்ளைக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். என் தங்கையின் கணவர்; பல் டாக்டர். "நாள் முழுக்கப் பல்லைப் பார்த்துட்டு இங்க வந்தா இங்கயும் பல்லா, மச்சான்? இந்தப் பொக்கையக் கட்டிவிட்டுடட்டுமா?" என்றார்.

"கட்டினா வண்டி ஓடாது, மாப்பிள்ளை."

"ஏன்?"

அந்த 'ஏன்' இருக்கிறதே, சார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் அதைக் கேட்டார், பதிலையும் கடைசிவரை கேட்டார்.

அவருடைய பழைய காரில் வேறொரு வண்டியின் எஞ்சினை இறக்கினோம். பல்சக்கரம், சென்சார் எல்லாம் நாங்களே பொருத்தியவை. சென்சாரைத் தாங்கும் பிராக்கெட்டை வெட்டியது அவர். டாக்டர் கை, விளிம்பெல்லாம் வழவழவென்று இருக்கும். தகடுதான் மெலிசு. முதல் வாரமே, நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றில் எஞ்சின் சட்டென்று அணைந்து வெட்டத் தொடங்கியது. சென்சாரை மாற்றினோம், வயரை மாற்றினோம். கோளாறு அசையவில்லை.

இரண்டாவது ஞாயிறு, அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பிராக்கெட்டில் ஒரு உருண்டைக் களிமண்ணை அப்பிவிட்டு நான் மட்டும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கோளாறு நாலாயிரத்து எழுநூறுக்கு இறங்கிவிட்டது. எடை கூடினால் கோளாறு இடம் மாறுகிறதென்றால் அது மின்சாரக் கோளாறே அல்ல. பாரம் ஏறும்போது எஞ்சின் உதறும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்த உதறலும் பிராக்கெட்டின் சொந்த ஆட்டமும் ஒத்துப்போகும். பிராக்கெட் தாறுமாறாக ஆடி, சென்சார் பல்லை விட்டு விலகி, எண்ணிக்கை தவறும். நிறுத்திவைத்து முடுக்கினால் பாரம் இல்லை, அதனால் வராது. எவ்வளவு அழகான கோளாறு, பாருங்கள்.

களிமண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

"கண்டுபிடிச்சாச்சா, மச்சான்?"

"வயரிங்லதான் இன்னும் சந்தேகமா இருக்கு. அடுத்த ஞாயிறு பார்ப்போம்."

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன் ஒருமுறை அவருடைய பிரேக்கை ஒரே நாளில் சரிசெய்து கொடுத்தேன். மூன்று மாதம் ஆளைக் காணவில்லை. இந்தக் கோளாறு ஏழு மாதம் ஓடியது. ஞாயிறு தவறாமல் வந்தார். என்னவெல்லாம் பேசினோம் தெரியுமா? எண்ணெய் ஏன் கறுக்கிறது, தீப்பொறி ஏன் நீலமாக இருக்கிறது, எல்லாம்.

நடுவில் ஒரு கவலை வந்தது. அவர் நெடுஞ்சாலையில் விரட்ட ஆரம்பித்திருந்தார். ஐயாயிரம் சுற்று என்றால் நல்ல வேகம். அங்கே எஞ்சின் அணைந்தால் ஆபத்து. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிறு பிராக்கெட்டைக் கழற்றி, அரத்தால் கால் பங்கு கனத்தைத் தேய்த்தேன். தகடு மெலிந்தால் ஆட்டம் சீக்கிரமே ஒத்துப்போகும். கோளாறு மூவாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கியது. இனி வெட்டினாலும் நிதானமான வேகத்தில்தான் வெட்டும். அவர் பாதுகாப்புக்காகச் செய்தது, சார். மேட்டில், மூன்றாவது கியரில் லாரியை முந்துகிற இடம் ஒன்றைத்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு காலை தங்கை போன் செய்தாள். "அண்ணா, இவர் மலைமேல இருக்கிற அவங்க அம்மாவைப் பார்க்கக் கிளம்புறார். சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்துடுவாராம். இந்த வண்டியை நம்பிப் போகலாமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உடனே "ஏன்?" என்பாள். என்னிடம் ஏன் என்று கேட்டுவிட்டால் முழுதும் சொல்லாமல் நிறுத்த எனக்குத் தெரியாது.

"தாராளமா போயிட்டு வரட்டும்மா," என்றேன்.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "அதுல என்னதாண்ணா கோளாறு?"

"தெரியலம்மா," என்றேன். ஒரு கேள்விக்கு நான் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அது பொய் என்பதால் இதுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது. கடைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அறிக்கையில் 'சென்சார் நல்ல நிலையில் உள்ளது' என்று திருத்திவிடுங்கள்.

சரிசெய்வது சுலபம். ஆறு மில்லிமீட்டர் தகட்டில் புது பிராக்கெட். எஞ்சினோடு சேர்த்து இரண்டு போல்ட். சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி. முக்கால் மணி நேர வேலை. இந்தாருங்கள், பிராக்கெட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அந்த இரண்டாவது ஞாயிறு சாயங்காலமே வெட்டி டிராயரில் போட்டு வைத்தது. மாட்டிப் பாருங்கள், வண்டி இனி நிற்காது.