அழாத பிள்ளைக்கு மைக்

கடிகாரத்தைக் கடைக்கண்ணால் பார்க்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே, இந்த மழலையர் பள்ளியைக் கட்டிக்காக்கும் முதல்வர் அம்மையார் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, எதிரில் நிற்கும் பிள்ளையைக் கைப்பேசித் திரையில் தேடும் தாய்மார்களே, தந்தைமார்களே, இந்தக் குழந்தை மருத்துவனின் வணக்கம்.

"கேக்கல டாக்டர், சத்தமா" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். ஐயா, மெதுவாகத்தான் பேசுவேன். காரணம் முடிவில் தெரியும்.

இப்பள்ளியில் ஒரு பழக்கம். கூச்சம் தெளிய வேண்டுமென்று மூன்று வயதிலேயே மேடையேற்றுவார்கள். அழுதால் இறக்கிவிடுவார்கள். அழாவிட்டால் அடுத்த விழாவுக்கும் அதே பிள்ளைதான். அழுத பிள்ளைக்குப் பால் என்றார்கள் முன்னோர். அழாத பிள்ளைக்கு மைக் என்று கண்டுபிடித்தவர்கள் நாம்.

அப்படி அகப்பட்டவள்தான் நாமெல்லாம் 'வாயாடி' என்று கூப்பிடும் சிறுமி. போன விழாவில் முழங்கினாள். கை சிவக்கத் தட்டினோம். "எம் பொண்ணு சிங்கம் சார், பயம்னா என்னன்னே தெரியாது" என்றார் அவள் அப்பா. அதே மேடையிலிருந்து அழுதுகொண்டே இறங்கிய ஒரு பையனின் அப்பா தலைகுனிந்தார்.

அந்தச் சிங்கத்தை வயிற்றுவலி என்று என்னிடம் கூட்டிவந்தார்கள். வயிற்றில் கோளாறு இல்லை. ஒத்திகை நாட்களில் மட்டும் வலி என்றதால் எச்சிலைப் பரிசோதித்தேன். மனம் அஞ்சும்போது உடலில் கூடும் கார்ட்டிசால் என்ற சுரப்பு எச்சிலிலும் தெரியும். ஒத்திகை நாளில் அது எகிறியிருந்தது, விடுமுறையில் அடங்கியிருந்தது. அழுது இறங்கிய பையனோ, அம்மா மடியில் ஏறியதும் பிஸ்கட் கேட்டானாம்.

"வயிறு எப்படா கண்ணு வலிக்குது?"

"எல்லாரும் கை தட்டும்போது, டாக்டர் மாமா."

"எறங்கி வந்துட வேண்டியதுதானே?"

"எறங்குனா அப்பா சிரிக்க மாட்டாரு."

பெரியோர்களே, எது தைரியம்? தொண்டை கிழிய முழங்குவதா? பயந்தபோது பயமென்று அழுவதா? தட்டினோம், தட்டித் தட்டி ஏற்றினோம், ஏறியவள் இறங்க வழி கேட்டது நம் காதில் விழவில்லை. நாம் தட்டிய ஓசை அப்படி. வருத்தம் என்பது சின்னச் சொல். என்னிடம் வேறு சொல் இல்லை.

இதைச் சபையில் சொல்ல அவள் அப்பா சம்மதித்தார். அவளை இறக்கத்தான் சம்மதிக்கவில்லை. "பேரு போட்டாச்சு சார். இந்த ஒரு தடவ மட்டும்."

ஆம், எனக்கு அடுத்து அவள்தான் பேச வேண்டும். நான் மெதுவாகப் பேசியதும், தலைவர் இருமுறை மணியடித்தும் நிறுத்தாததும் அதனால்தான். மூன்றாம் வரிசையைப் பாருங்கள். சிங்கம் அப்பாவின் தோளில் தூங்கிவிட்டது. என் பேச்சால் உலகுக்கு விளைந்த முதல் நன்மை. எழுப்பப் போன அவர் கை, அவள் முதுகிலேயே நின்றுவிட்டது.

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். தயவுசெய்து யாரும் கை தட்டாதீர்கள்.