பூஜ்யம் காட்டிய மீட்டர்

இந்தப் பாதுகாப்பு நாள் விழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற கலக்கத்தோடு அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, எனக்கென்று ஒரு கைதட்டலும் மிச்சம் வைக்காமல் பேசி முடித்த சங்கச் செயலாளர் அவர்களே, ஓய்வு பெற்றும் எங்களை மறவாத பெரியோர்களே, முன்வரிசையை மொத்தமாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் தோழர்களே, தோழியரே, உங்கள் எலக்ட்ரீஷியனின் வணக்கம்.

சுவிட்சை அணைத்தால் மின்சாரம் போய்விடும் என்று யார் சொன்னது? பின்வரிசையில் யாரோ “சூப்பர்வைசர்” என்கிறார். தம்பி, நாளைக்கும் நீங்கள் வேலைக்கு வரவேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் வேலையில் சேர்ந்த எட்டாவது மாதம், தகடுகளை ஒட்டும் பெரிய வெல்டிங் இயந்திரம் ஒருநாள் காலை படுத்துவிட்டது. அதன் வயிற்றுக்குள் பீரோ அளவில் ஒரு கெப்பாசிட்டர். மூவாயிரம் வோல்ட்டை நிரப்பிவைத்து நொடியில் கொட்டுவது. அணைத்தபின் உள்ளே மிஞ்சும் மின்சாரத்தை வடித்துவிடும் பாகம் கெட்டிருந்தது. அதை மாற்ற வந்த ஷிப்ட் இன்ஜினியர் யார்? இதோ தண்ணீர் குடிக்கிறாரே, இன்றைக்கு மேலாளராக இருக்கும் நம் விழாத் தலைவர்தான்.

சுவிட்சை அணைத்தார். மிச்சத்தைத் தீர்க்க, கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் தடித்த ஒயரால் இணைத்தார். ‘பட்’டென்று ஒரு பொறி. மீட்டர் வைத்தார்; பூஜ்யம். ஒயரைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

“சார், ஒயரை எடுக்காதீங்க,” என்றேன்.

“மீட்டர்ல ஸீரோ காட்டுதும்மா. செத்ததை எத்தனை தடவை சாகடிப்ப?”

என் வீட்டுக்காரர் டிவி மெக்கானிக். இப்படித்தான் ஒருநாள் ஒரு பிக்சர் ட்யூபைச் சாகடித்துவிட்டுப் போன் பேசிவிட்டு வந்து தொட்டார். அடுத்த நொடி எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அது நினைவுக்கு வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று கெப்பாசிட்டருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க சார். அப்பவும் ஸீரோன்னா, நாளையிலேர்ந்து நான் வரல.”

முறைத்தார். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அந்தப் பத்து நிமிடம் உள்ளே என்ன நடந்தது? கெப்பாசிட்டரின் தகடுகளுக்கு நடுவே எண்ணெயில் ஊறிய காகிதம். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கண்டுகொள்ளாமலும் இருக்காது. அதன் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நேர், மறுமுனை எதிர். மின்புலம் வந்தால் அதற்கேற்ப முகம் திருப்பும். போனால் பழைய நிலைக்குத் தளரும். எல்லாம் ஒரே வேகத்தில் தளருமா? சற்றுமுன் தலைவர் மேடையேற, அனைவரும் எழுந்தீர்கள். அவர் அமர்ந்ததும் இளைஞர்கள் பொத்தென்று உட்கார்ந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் இருவர் இன்னும் நிற்கிறார்கள். உட்காருங்கள் அம்மா, உங்களைத்தான்.

அங்கும் அதே கதை. விரைந்து தளர்ந்தவை விட்ட மின்னூட்டம் ஒயர் வழியே ஓடிப்போனது. மீட்டர் பூஜ்யம் என்றது. ஒயரை எடுத்தபின், மெல்லத் தளர்ந்தவை தாங்கள் பிடித்துவைத்திருந்ததை விட்டன. அது போக வழியின்றித் தகடுகளில் சேர்ந்தது.

பத்தாவது நிமிடம் மீட்டரை வைத்தேன். நூறு. நூற்று எண்பது. இருநூற்றுத் தொண்ணூறு. இன்னும் ஏறியது. அவ்வளவு பெரிய கெப்பாசிட்டரில் அது ஆளை முடிக்கப் போதும்.

தலைவர் இரு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

முன்வரிசையிலிருந்து தலைவரின் துணைவியார் கேட்கிறார்: “இத ஏன் எங்கிட்ட சொல்லல?” அம்மா, அதை வீட்டில் விசாரியுங்கள். மேடையில் இருக்கும்வரை அவர் என் பாதுகாப்பில்.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள். மறுநாள் காலை அத்தனை பேரையும் கூட்டி அவரே சொன்னார்: “நேத்து தப்பு என்னுது. இனிமே வேலை முடியறவரைக்கும் ஒயர் முனையிலேயே இருக்கணும். எடுக்கச் சொன்னா, சொல்றது நானா இருந்தாலும் எடுக்காதீங்க.”

அன்று வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது, மெய். வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமானவள் சொன்னாள் என்று பத்து நிமிடம் உட்கார்ந்தாரே, அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? அத்தனை பேர் முன்னால் ‘தப்பு என்னுது’ என்றாரே, அதற்கு எவ்வளவு வேண்டும்? சொல்ல ஒரு வாய் இருந்து, கேட்க ஒரு காது இருந்ததால் அல்லவா, தோழர்களே, அந்தக் கைகள் இன்று இந்த மேடையில் இருக்கின்றன?

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. மாலை அவரவர் வீட்டுக் கதவை அவரவர் கையாலேயே தட்டுங்கள். வணக்கம்.