வெள்ளைச் சேலைக்குச் சாயமேற்றிய கரங்களுக்கு

போரில் வீடிழந்த பெண்களுக்குப் புகலிடமாய் நின்ற பெருமாட்டியே! கொண்டப்பநாயக்கன்பட்டி அடைக்கல இல்லத்தின் தலைவியாய்ப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வுபெறும் அன்னையே! ஞானமேரி அம்மையீர்! வணக்கம்.

பண்புகளை அடுக்கிப் பாராட்டுவது மடலின் மரபு. அடுக்கத் தொடங்கினால் தாங்கள் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவீர்கள். ஆகவே ஒரு சேலையின் கதையைச் சொல்கிறோம். சொல்லச் சொன்னவள், முன்வரிசையில் சிவப்புச் சேலையில் உட்கார்ந்திருக்கும் உண்ணாமலை.

எருமப்பட்டியில் பிறந்தவள் அவள். கணவன் அருணகிரியோடு பர்மாவுக்குப் பிழைக்கப் போனாள். அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டதும் பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் கப்பலேற்றினார்கள். "அடுத்த கப்பல்ல வாரேன் புள்ள" என்றான் அருணகிரி. நடுக்கடலில் காய்ச்சல் அவள் கைக்குழந்தையைக் கொண்டுபோயிற்று. கணவன் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு வெண்ணந்தூர் நெசவாளர்கள் ஒரு கட்டுச் சேலை கொடுத்தார்கள். எல்லாம் வெள்ளை. தங்கள் கிறிஸ்தவ வழக்கத்தில் மணப்பெண் கோயில் பீடத்தின் முன் நிற்பது வெள்ளையில் அல்லவா! அந்த மகிழ்ச்சியோடு தாங்கள் நீட்டினீர்கள். ஒரு கையும் முன்வரவில்லை. உண்ணாமலை மட்டும் வாய் திறந்தாள்.

"ஏனுங்க, அவரு செத்துட்டாருன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"

"எங்க பக்கம் கல்யாணப் பொண்ணுக்குத்தான் சாமி வெள்ளை..." என்று தொடங்கிய தாங்கள், பாதியில் நிறுத்திச் சேலைக்கட்டை உள்ளே எடுத்துப் போனீர்கள்.

மறுநாள் விடியலில் அடுப்பில் அண்டா ஏறியது. சேலைகளைச் சிவப்புச் சாயத்தில் தாங்களே முக்கி எடுத்தீர்கள். முழங்கை வரை சிவந்த தங்கள் கைகளைக் கண்டு, "அம்மாளப் பாருங்கடி, மருதாணி வெச்ச மணப்பொண்ணாட்டம்!" என்று அவளோடு கப்பலில் வந்த பெருமாயி சிரித்தாள். "அப்ப மாப்பிள்ளையும் நீயே தேடு" என்றீர்கள். கப்பலிலிருந்து இறங்கிய பிறகு அந்தப் பெண்கள் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் இல்லமோ போரில் கணவனை இழந்த விதவைகளுக்கென்று தொடங்கப்பட்டது. "புருசன் இருக்கறவ புருசன் ஊட்டுக்குப் போகட்டும். இல்லாதவ வெள்ளை உடுத்தட்டும்" என்று இல்லத்தின் நிர்வாகக் குழுவினர் ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார். உண்ணாமலை மூட்டையைக் கட்டிவிட்டாள். தாங்களோ வாசலை மறித்து நின்றீர்கள்.

"ரெண்டுக்கும் நடுவுல நிக்கறவளுக்குத்தானுங்க இந்த இல்லம்!"

அன்று முதல் தங்கள் அறையில் பாதி அவளுடையது. தபால்காரரின் மணி கேட்டால் அவள் எழுவாள். அவர் தாண்டிப் போனதும் உட்காருவாள். ஒரு நாளும் தாங்கள் ஆறுதல் சொன்னதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். சேலை வெளுக்க வெளுக்க மறுபடி அண்டாவை ஏற்றினீர்கள்.

போன வாரம், பர்மாவில் அருணகிரியோடு வேலை பார்த்து ஊர் திரும்பிய கந்தவேல் இவளைத் தேடி வந்தார். கப்பல் கிளம்பிய அதே மாதம் அருணகிரி குண்டடிபட்டு இறந்ததையும், தம் கையாலேயே குழி தோண்டியதையும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவள் அழவில்லை. "அந்த வெள்ளைச் சேலை ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?" என்றாள்.

தாங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தீர்கள். சாயம் ஏறாத ஒரு சேலை அடியில் இருந்தது. அதை இத்தனை காலம் ஏன் வைத்திருந்தீர்கள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

"இப்ப வேண்டாங்கம்மா. நீங்க ஊருக்குப் போன பொறவு உடுத்திக்கறேன். நான் வெள்ளையோட எதுக்கால வந்தா, போற காரியம் வெளங்காதுங்க."

"ஆரு சொன்னது? நான் ஊருக்குப் பஸ் ஏறறப்ப வெள்ளையோட நீதான் எதுக்கால வரோணும். வராட்டி ஏற மாட்டேன், சாமி!"

அம்மையீர்! போரை நிறுத்தும் வலிமை தங்களுக்கு இல்லை. போனவரை மீட்கும் வரமும் இல்லை. காத்திருந்தவளோடு கூடக் காத்திருந்தீர்கள். அதற்குத்தான் இந்த மடல். நோயற்ற உடலோடும் நிம்மதியான உறக்கத்தோடும் நெடுங்காலம் வாழ்வீராக!

இந்த விழாவுக்காக உண்ணாமலை சிவப்பில் வந்திருக்கிறாள். நாளைக் காலை மலையடிவாரத்துப் பஸ் நிறுத்தத்தில் வெள்ளையோடு தங்கள் எதிரே வருவாள். தயங்காமல் ஏறுங்கள், தாயே. சகுனம் நல்ல சகுனம்தான்.

என்றும் தங்கள் நிழலில் நின்ற,
அடைக்கல இல்லத்துப் பணியாளர்கள்
கொண்டப்பநாயக்கன்பட்டி, 1965