மூணாம் நாள் போன்

— இந்த பில்லை வாங்கும்போது நின்னுக்கிட்டு இருந்தீங்களா சார், உட்கார்ந்திருந்தீங்களா?

— உட்கார்ந்துதான் இருந்தேன் தம்பி. ஏன்?

— நின்னிருந்தா விழுந்திருப்பீங்க. நான் வாசிக்கறேன், நீங்களே கேளுங்க. ஆயில், ஃபில்டர். சரி, அது எந்த வண்டிக்கும் மாத்தித்தான் ஆகணும். ஏசிக்குள்ள கிருமி எடுத்தாங்களாம், அதுக்கு ஒரு தொகை. எஞ்சினைக் கழுவி பளபளன்னு ஆக்கினாங்களாம், அதுக்கு ஒரு தொகை. பானெட்டைத் தூக்கி யார் சார் பார்க்கப் போறா? வைப்பர் ரெண்டும் புதுசு. அதுக்கு நாலு மாசம் முந்தின பில்லுலயும் வைப்பர் ரெண்டும் புதுசு. நடுவுல ஒரு தூத்தல் கூட விழல.

— அதாவது, மாத்திடலாமான்னு கேட்டாங்க. சரின்னேன்.

— என்ன கேட்டாலும் சரிதானா?

— ஒருத்தர் டை எல்லாம் கட்டிக்கிட்டு பக்கத்துல வந்து உட்கார்ந்து, சார் சார்னு பொறுமையா எடுத்துச் சொல்லும்போது வேண்டாம்னு எப்படித் தம்பி சொல்றது?

— கதையை விடுங்க சார். பதிமூணு வருஷத்து வண்டி. இன்னிக்கு வித்தா என்ன வருமோ, அதுல பாதியை ஒரே வருஷத்துல கம்பெனி சர்வீசுக்குக் கொட்டியிருக்கீங்க. என்கிட்ட விட்டா இதுல மூணுல ஒரு பங்கு ஆகாது. அதே ஆயில், அதே ஃபில்டர். நான் ஒண்ணும் அதிசயம் பண்ணல. இங்க சோபாவும் கிடையாது, டை கட்டற ஆளும் கிடையாது, அவ்வளவுதான். நானும் அங்க பதினோரு வருஷம் வண்டிக்கு அடியில கிடந்தவன் சார். என் சம்சாரம் இவளும் அங்கதான் இருந்தா. ரெண்டு வருஷம் ஆச்சு, ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய வந்து இந்த ஷெட்டைப் போட்டோம். இப்போ சீட்டு எழுதறது, சாமான் வாங்கறது, என்னை அதட்டறது எல்லாம் இவதான்.

— வணக்கம்மா.

— வணக்கம் சார். அந்த ஸ்டூல் ஆடும். இந்த நாற்காலிக்கு வந்துடுங்க.

— அந்த டை கட்டின அட்வைசரே தான் தம்பி உங்களைச் சொன்னார். காதோட காதா. பழைய வண்டி சார், இனிமே இங்க உங்களுக்குக் கட்டுப்படியாகாது, எங்ககிட்ட இருந்து போனவர் ஒருத்தர் இருக்கார், அங்க காட்டுங்கன்னு. எவ்வளவு நேரம் ஆகும்?

— ஒண்ணரை மணி நேரம்.

— அவ்வளவுதானா?

— சார், வர்றவங்க எல்லாம் சீக்கிரம் முடின்னு என் உயிரை எடுப்பாங்க. சீக்கிரம் முடிஞ்சுடுமேன்னு முகம் வாடற ஆளை இப்பதான் பார்க்கறேன்.

— அதாவது, அங்க காலைல ஒன்பது மணிக்கு விட்டா சாயந்திரம் ஆறு ஆயிடும்.

— அவங்க உங்க வண்டியைத் தொடறதே மூணு மணிக்கு.

— தெரியும். கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டேதான் இருப்பேன். வண்டி வெயில்ல நிக்கும், நான் ஏசியில இருப்பேன். நாலு பேர் வருவாங்க. ஒருத்தர் அந்த பேப்பரை இப்படிக் குடுங்கம்பார். உங்களுது எத்தனை வருஷத்து வண்டிம்பார். பேச்சு ஓடிடும். வீட்டைத் திறக்கும்போது விளக்கு போடற நேரம் ஆகியிருக்கும். ஒரு முழு நாள் போயிருக்கும் பாருங்க.

— என்னங்க, சாருக்கு அந்த மின்விசிறியைத் திருப்பி விடுங்க.

— விடறேன். சார், மீட்டர்ல ஒண்ணு பார்த்தேன். போன சர்வீஸ்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் இருநூறு கிலோமீட்டர் கூட ஓடல. சர்வீஸ்ல விட்டு எடுக்கத்தான் வண்டியே ஓட்டியிருக்கீங்க போல. வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு அவங்க புத்தகத்துலயே போட்டிருக்கு. நீங்க மூணு தடவை போயிருக்கீங்க. வண்டிக்கு அப்படி என்ன நோவு?

— முன்பக்கம் இடது கைப் பக்கம் ஒரு சத்தம். கடகடன்னு. அதைச் சொல்லித்தான் விடுவேன்.

— அதுக்காக சஸ்பென்ஷன்ல ரெண்டு தடவை சாமான் மாத்தியிருக்காங்க. நான் இப்ப தெரு முனை வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன் இல்ல? சத்தம் வண்டிக்கு அடியில இல்ல சார். இடது பக்கக் கதவுப் பையில ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு கிடக்கு. குழியில இறங்கும்போது அதுதான் ஆடுது. அதை எடுத்துட்டேன்னா…

— எடுத்துட்டீங்களா?

— இல்ல, இன்னும் எடுக்கல.

— எடுக்காதீங்க. இருந்த மாதிரியே இருக்கட்டும்.

— அப்போ சத்தம்?

— சத்தமும் இருக்கட்டும் தம்பி.

— உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?

— தெரியும்.

— தெரிஞ்சேவா அவங்களை ரெண்டு தடவை சாமான் மாத்த விட்டீங்க? என்ன சார் நீங்க. அம்மா கண்ணாடின்னு நினைக்கறேன். வீட்ல தேடிக்கிட்டு இருக்கப் போறாங்க.

— தேட மாட்டா.

— சரி. நான் ஏன் அதைக் கேக்கறேன். ஆயிலை இறக்கட்டுமா?

— இருங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது. வண்டியை எடுத்துட்டுப் போன மூணாம் நாள் நீங்க போன் பண்ணுவீங்களா?

— எதுக்கு சார்? கணக்கை அன்னிக்கே முடிச்சுட்டுத்தானே போவீங்க?

— அதில்ல. அங்க பண்ணுவாங்க. வண்டி நல்லா ஓடுதா, எங்க வேலை திருப்தியா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்கன்னு.

— ஓ, அந்தத் தொல்லையா. அந்த நம்பர் வந்தாலே ஊரே கட் பண்ணும்.

— நான் முதல் மணியிலயே எடுத்துடுவேன். எப்பவும் பத்துக்குப் பத்துதான். போன சர்வீசுக்கு வரல. மூணு நாள் பார்த்தேன், வரல. குளிக்கப் போனா கூட போனை வாசப்படியில வெச்சுட்டுப் போனேன். பத்து நாள் கழிச்சு நேர்ல போய்க் கேட்டுட்டேன். ரொம்பப் பழைய வண்டிங்களை எல்லாம் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம் சார், புது வண்டிக்காரங்களுக்கு மட்டும்தான் போன் பண்றோம்னாங்க. வண்டியை எடுத்துட்டாங்களாம். என்னத்தை எடுத்தாங்கன்னு அவங்களுக்கு எங்க தெரியும்?

— ஒரு போனுக்கா சார் இத்தனை செலவு?

— மகன் இருக்கான், தூரத்துல. ஞாயித்துக்கிழமை வரான். வண்டியை வித்துட்டுத்தான் திரும்புவேங்கறான். பில்லைப் பார்த்துக் கத்தறான். அவன் சொல்றதுல தப்பு இல்ல. அதாவது தம்பி, அந்த போன் வராதுன்னா எனக்கும் வண்டி வேண்டாம். வித்துட்டுப் போகட்டும். உங்க பதிலைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னுதான் வந்தேன்.

— எனக்கு ஒண்ணும் புரியல சார்.

— சார், அந்த போன்ல யாரைக் கேப்பாங்க?

— என் வீட்டுக்காரியைத்தான்மா. வண்டி அவ பேர்ல இருக்கு. நம்பரும் அவ நம்பர். அவ சம்பாதிச்சு வாங்கினது. எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்ததே அவதான். பாதி தூரம் நான் ஓட்டுவேன், இடது பக்கம் உட்கார்ந்து மெதுவா போங்க மெதுவா போங்கன்னுக்கிட்டே வருவா.

— அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்.

— அவ இல்ல தம்பி. நாலு வருஷம் ஆச்சு.

— மன்னிச்சுக்குங்க சார். நான் பாட்டுக்கு வாயை விட்டுட்டேன்.

— நீங்க என்ன பண்ணுவீங்க. பண்ணினதெல்லாம் நான்தான். அவ போன பிறகு முதல் தடவை வண்டியை விட்டு எடுத்தேன். மூணாம் நாள் போன் வந்தது. அம்மா இருக்காங்களான்னு ஒரு பொண்ணு கேட்டா. இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருக்கா, மாடியில துணி காயப்போடறான்னு வந்துடுச்சு. சரி சார், அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லுங்கன்னு வெச்சுட்டா. அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டேன். அன்னிக்கு ஒரு வாய் நல்லா சாப்பிட்டேன் தம்பி.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, நாலு மாசத்துக்கு ஒரு தடவை சத்தம் வருதுன்னு வண்டியை விட்டேன். ஒரு தடவை குளிக்கறான்னேன். ஒரு தடவை பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டு இருக்கான்னேன். ஒரு தடவை தூங்கறா, எழுப்பட்டுமான்னே கேட்டுட்டேன். வேண்டாம் சார், தூங்கட்டும்னா அந்தப் பொண்ணு. ஏமாத்து வேலைதான். வேலை பார்க்கற புள்ளைங்ககிட்ட பொய் சொல்றோமேன்னு ராத்திரி உறுத்தும். ஆனா அவ இருக்காளான்னு கேக்கறதுக்கு வேற யார் இருக்கா? நான் அழுதுடுவேன்னு சொந்தக்காரங்க அவ பேச்சையே எடுக்கறதில்ல. மகன் போன் பண்ணினா மாத்திரை போட்டீங்களான்னு கேப்பான். பக்கத்து வீட்ல புதுசா வந்தவங்களுக்கு அவளைத் தெரியவே தெரியாது. இந்த உலகத்துல அவ உயிரோட இருந்தது அந்த ரெண்டு நிமிஷம்தான்.

— சார், போன் பண்றது பெரிய விஷயம் இல்ல. ஆனா எனக்குப் பேச வராது. பிரேக், கிளட்ச்னு கேட்டா ஒரு மணி நேரம் பேசுவேன். இதெல்லாம் இப்போ கேட்ட பிறகு, அம்மா இருக்காங்களான்னு என் வாயில எப்படி வரும்? நடிக்கற மாதிரி ஆயிடும். உங்களுக்கே பிடிக்காது.

— வாஸ்தவம்தான். சொல்லியிருக்கவே கூடாது. சொன்னதும் போச்சு. ஆயிலை மட்டும் மாத்திக் குடுங்க தம்பி. வித்துடலாம்.

— நீங்க வண்டிக்கிட்ட போங்க, என்னங்க. சார், சீட்டுல எழுதிக்கறேன். போன் நம்பர் சொல்லுங்க.

— இனிமே எதுக்கும்மா. சரி, எழுதிக்குங்க. ஏழு, ஏழு, ஒண்ணு, ஆறு…

— ஆறு, மூணு, ஜீரோ, நாலு, ஜீரோ, ஒன்பது. சரிதானே சார்?

— உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

— ரெண்டு வருஷம் சுத்தின நம்பர் சார். எனக்குப் போன்ல வேற குரல். கம்பெனிக் குரல். அதான் உங்களுக்குப் பிடிபடல. எனக்கு நீங்க அதாவதுன்னு ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுடுச்சு.

— கடவுளே. உன்கிட்டயா நான் இத்தனை நாள்… மன்னிச்சுடும்மா. அத்தனையும் பொய்.

— எனக்குத் தெரியும் சார்.

— இப்போ தெரிஞ்சுது.

— இல்ல சார், அப்பவே. அம்மா தவறின வாரம் வண்டி சர்வீசுக்கு வந்துட்டுப் போயிருந்துச்சு. மூணாம் நாள் நான்தான் கூப்பிட்டேன். உங்க மச்சினர்னு ஒருத்தர் எடுத்தார். இந்த நம்பர்காரங்க நேத்து தவறிட்டாங்கம்மா, போனை வைன்னார். அடுத்த தடவை மறக்காம சாரைத்தான் கேக்கணும்னு நினைச்சு வெச்சிருந்தேன். ஒரு நாளைக்கு எண்பது போன் சார். பழக்க தோஷத்துல அம்மா இருக்காங்களான்னு கேட்டுட்டேன். கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேக்க வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க துணி காயப்போடறான்னீங்க. அடுத்த தடவை நான் தெரிஞ்சேதான் கேட்டேன்.

— ஆனா நீ அங்க இருந்து வெளிய வந்து ரெண்டு வருஷம் ஆச்சேம்மா. அதுக்கப்புறமும் கேட்டாங்களே. வேற வேற குரல். ஒரு தடவை கூடத் தவறாம அம்மா இருக்காங்களான்னு கேட்டாங்களே.

— கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு வண்டிக்கும் கீழ குறிப்பு எழுத ஒரு இடம் உண்டு சார். கடைசி நாள் கிளம்பறதுக்கு முன்னாடி உங்க வண்டிக்கு எழுதி வெச்சுட்டு வந்தேன்: அம்மா இல்லை, ஆனாலும் இருக்காங்களான்னு கேளுங்க, எங்க இருக்காங்கன்னு சார் சொல்லுவார்.